வாயைப் பார்த்துச் சொன்ன கமென்ட்ரி

நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அபாண்டம். பதினோரு வருஷம் விசைத்தறி ஷெட்டில் வேலை செய்தவள் நான். பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் காதுக்கு வேலையே கிடையாது. எதிரே நிற்பவர் வாயசைவைப் பார்த்துத்தான் நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி யாரைத் திட்டுகிறார் என்பதெல்லாம் தெரிந்துகொள்வோம். முழங்கால் வலியால் ஷெட்டை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. கண் மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்று சண்டை போட்டால், நான் என் வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அதை முழுதாகப் பார்த்துவிடுவேன். பார்ப்பது எப்படி ஒட்டுக்கேட்பதாகும்?

அதனால்தான் ஸ்வர்ணலதாவின் காது விஷயம் அவள் அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

ஸ்வர்ணலதா எங்களுக்கு மூன்றாவது வீடு. இருபத்தெட்டு வயது, பி.காம். படித்தவள், ஏழு வருஷமாக அதே ஷெட்டில் காலை ஆறு மணி ஷிஃப்ட். போன வருஷத்திலிருந்து அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முதலில் திமிர் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கிறாள். யாருடன் நடந்தாலும் அவரை வலது பக்கம் வைத்துக்கொள்கிறாள். ஒருநாள் நேராகக் கேட்டேன். மறைக்கவில்லை. வேலூரில் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். இடது காது போய்விட்டது, வலது காது பாதி இருக்கிறது, இந்தச் சத்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் நின்றால் அதுவும் போய்விடும், வேலையை விட முடியாவிட்டால் காதிலாவது எதையாவது அடைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அடச்சிக்கிறதுதானடி?" என்றேன்.

"பஞ்சு வெச்சிகினு போனா அடுத்த நாளே செவிடின்னு பேர் வெச்சிடுவாங்க. அம்மா ஒருபக்கம் மாப்ள பாத்துகினு கீது. யார்கிட்டயும் சொல்லாதக்கா."

நான் யாரிடமும் சொல்லவில்லை. கனிமொழியிடம் மட்டும் சொன்னேன், அவள் எனக்குத் தங்கை மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வீடியோ வந்தது. ஷெட்டில் ஒருநாள் கரண்ட் போய்விட, பையன்கள் நான்கு பேர் செல்போனில் சுட்டு விளையாடும் ஆட்டம் ஒன்றை ஆட, பக்கத்தில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்த ஸ்வர்ணலதா அதை அப்படியே கமென்ட்ரி சொல்லியிருக்கிறாள். தறி நின்ற பிறகும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரல் அவளுக்கு. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, அது சுற்றிச் சுற்றி வேலூர் நெடுஞ்செழியனிடம் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராகப் போய் ஹால் பிடித்து, செல்போன் ஆட்டப் போட்டி நடத்துகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆரணியிலேயே நடத்துகிறோம், வந்து மைக்கில் சொல்லுங்கள், நன்றாக இருந்தால் எல்லா ஊருக்கும் நீங்கள்தான், வேலூர் ஆபீஸில் வீடியோவுக்குக் குரல் கொடுக்கிற வேலையும் உண்டு என்று எழுதியிருந்தார்.

தறிச் சத்தம் இல்லாத வேலை. ஏசி ரூமில் உட்கார்ந்து வாயால் செய்கிற வேலை. அவள் அந்த மெசேஜை எத்தனை முறை படித்தாள் என்று நான் எண்ணவில்லை. தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஆம்பிளைப் பையன்கள் கூடுகிற இடத்துக்குத் தனியாக அனுப்ப மாட்டேன் என்றாள் அவள் அம்மா தெய்வநாயகி. துணைக்கு யார் போவது? எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் வேலை இருந்தது. இருந்தாலும் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்யாண ஹால். வெள்ளிக்கிழமை நடந்த வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகள் மேடையில் அப்படியே இருந்தன. மாப்பிள்ளை பெயர் முழுதாக இருந்தது, பெண் பெயரில் பாதி உதிர்ந்துவிட்டிருந்தது. ஏசி இருந்தது, போடவில்லை. மேடையின் நடுவே பெரிய திரை. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் நான்கு நான்கு நாற்காலி. ஒரு டீமுக்கு நான்கு பேர், எல்லோர் கையிலும் செல்போன், காதில் ஹெட்போன், எல்லாவற்றுக்கும் ஹால் வைஃபை ஒன்றே. ஒரே கூரைக்குக் கீழே பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒருவனை ஒருவன் சுட்டுக்கொள்வதற்கு நாற்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்திருந்தார்கள். பெரணமல்லூரிலிருந்து ஒரு டீம், கண்ணமங்கலத்திலிருந்து ஒரு டீம், தெள்ளாரிலிருந்து அப்பாவோடு வந்த ஒரு டீம். உள்ளூர் டீம் மூன்று. கூட்டம் நூறு பேருக்கு மேல் இருக்கும். பாதிப் பேர் ஷெட்டு ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை லீவை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் வந்தவர்கள்.

நெடுஞ்செழியன் நல்ல மாதிரிதான். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது, எல்லோரையும் சிரித்துக்கொண்டே விரட்டினார். கூட சிவகுமார் என்று ஓர் உதவியாள், ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தான்.

"ஒரே ஒரு ரூல்தாம்மா," என்றார் ஸ்வர்ணலதாவிடம். "திரையில ரெண்டு டீமும் எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியும். ஆடறவனுக்குத் தெரியாது. ஒளிஞ்சிகினு இருக்கறவன காட்டிக் குடுத்துடாத. நடந்தது மட்டும் சொல்லு, நடக்கப்போறது வேணாம். சரியா?"

அவர் அவளுக்கு இடது பக்கம் நின்று பேசினார். அவள் முழு உடம்பையும் திருப்பி அவர் வாயைப் பார்த்தாள். "சரிங்க சார்."

முதல் நாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஞாயிறு லீவுக்கு முன்னால் சனிக்கிழமை அப்படித்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பவுடர் போட்டு மறைத்ததில் சாம்பல் பூசினது மாதிரி ஆகிவிட்டது. இதை அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, பிறகு சொன்னேன்.

"ஏங்க்கா, நீ தொணைக்கு வந்தியா, பேஜார் பண்ண வந்தியா?" என்று மைக்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

மைக் அவளுக்குத் தேவையே இல்லை. முதல் ஆட்டத்தில் அவள் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"வந்துட்டாருய்யா பெரணமல்லூரு! கதவத் தொறந்தாரு, சுட்டாரு, தறியில பாவு நூல் அறுந்த மாதிரி பொத்துனு வுழுந்தாரு தெள்ளாரு தம்பி! எழுந்திருப்பா, அப்பா பாக்குறாரு!"

ஹால் சிரித்தது. தெள்ளார் அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அடுத்த ஆட்டத்தில் வெளியே டீக்கடையில் நின்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். நெடுஞ்செழியன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது; பக்கத்து நாற்காலிக்காரரிடம் எங்கள் தெருப் பெண் என்று இரண்டு தடவை சொன்னேன். மத்தியானம் தக்காளி சாதம் கொடுத்தார்கள். ஆறியிருந்தது. அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"கெடைக்குமாக்கா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

நான் பதில் சொன்னேன். கண்ணை மூடியிருந்ததால் அவளுக்கு அது போய்ச் சேரவில்லை.

மூன்று மணிக்கு அரையிறுதி. ஒரு பக்கம் ஆரணிப் பையன்கள், இன்னொரு பக்கம் கண்ணமங்கலம். கண்ணமங்கலத்துக் கேப்டன் தென்னரசு, தாடியைத் தடவித் தடவியே ஆடுகிறவன். ஆட்டம் சூடு பிடித்தபோது அவன் பக்கத்துப் பையனின் ஹெட்போனை விலக்கி, அந்தப் பையன் காதோடு காதாக ஏதோ சொன்னான். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்: நான் கெணத்துப் பக்கமா சுத்திகினு வரேன், நீ குடோன்ல சத்தம் குடு.

மைக்கில் ஸ்வர்ணலதா முழங்கினாள். "தென்னரசு இன்னா சொல்றாரு! கெணத்துப் பக்கமா சுத்திகினு வராராம்! குடோன்ல சத்தம் குடுக்கச் சொல்லிட்டாரு! செம பிளானு!"

ஹெட்போனைத் தாண்டிப் போகிற குரல் அது. ஆரணிப் பையன்கள் நான்கு பேரும் கிணற்றுப் பக்கம் திரும்பினார்கள். தென்னரசு வந்தான், செத்தான். இரண்டாவது ரவுண்டில் மாடிப்படி என்று கிசுகிசுத்தான். மாடிப்படி என்று ஹாலுக்கே கேட்டது. அங்கேயும் செத்தான். ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு மேடைக்கு ஏறினான்.

"இன்னா சார் நடக்குது இங்க? நாங்க பேசறத யாரு இவங்களுக்கு சொல்லிக் குடுக்கறது? எங்க போன்ல எதனா வெச்சிருக்கீங்களா? ஊர்க்காரங்களுக்கு ஊர்க்காரங்களே மைக்கா?"

"நீங்கதான சத்தமா சொன்னீங்க," என்றாள் ஸ்வர்ணலதா. "எனக்குக் கேட்டுதே."

"அவன் காதுல சொன்னேன் மேடம்! பக்கத்துல கீற என் ஆளுங்களுக்கே கேக்கல!"

அவள் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்திருக்க வேண்டாம். பொய் சொல்லவில்லை அவள். கேட்டது என்றுதான் நினைத்திருந்தாள். எது காதில் விழுந்தது, எது கண்ணில் விழுந்தது என்று அவளுக்கே பிரிந்து தெரியாத நாட்கள் வந்துவிட்டன போல.

கண்ணமங்கலம் கத்தியது. ஆரணி பதிலுக்குக் கத்தியது. மோசடி, மோசடி என்று பின்வரிசையில் ஒருவன் தாளம் போட்டான். நெடுஞ்செழியனுக்கு வியர்த்துவிட்டது. இந்த இடத்தில் ஒரு பெரிய மனுஷி என்று நான் ஒருத்தி இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? அவரைத் தூண் ஓரமாக அழைத்துப்போனேன்.

"சார், அது ஏமாத்துற பொண்ணு இல்ல. அதுக்கு இடது காது சுத்தமா கேக்காது, வலது காது பாதிதான். வாயப் பாத்துத்தான் சொல்லிச்சு. ஷெட்டுல இருக்கறவங்களுக்கு அது தானா வந்துடும். இந்த ஹால்ல பாதிப் பேருக்குத் தெரியும் அது. அந்தப் பசங்களக் கர்ச்சீப் கட்டிக்கச் சொல்லுங்க, முடிஞ்சுது."

"அப்டியா!" என்றார். "காது கேக்காதா?"

நான் சொன்னதில் பாதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அது எந்தப் பாதி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிரச்சினையைத் தீர்த்துவைத்த சந்தோஷத்தில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

ஆட்டத்தைத் திரும்ப வைத்தார்கள். கண்ணமங்கலத்துக்காரர்கள் நான்கு பேரும் மூக்குக்குக் கீழே கர்ச்சீப் கட்டிக்கொண்டு, வழிப்பறிக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து ஜெயித்தார்கள். ஸ்வர்ணலதா சுருதி இறங்கித்தான் சொன்னாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

ஃபைனல், கண்ணமங்கலத்துக்கும் பெரணமல்லூருக்கும். தொடங்குகிற நேரத்தில் வைஃபை போய்விட்டது. சிவகுமார் பெட்டியைத் தட்டினான், ஊதினான், கழற்றி மாட்டினான். கூட்டம் எழுந்திருக்கத் தொடங்கியது.

"சும்மா எதனா பேசிகினு இரும்மா," என்று நெடுஞ்செழியன் மேடையைப் பார்த்துச் சைகை காட்டினார். "கூட்டம் போயிடப்போவுது."

அவள் மேடை விளிம்பில் உட்கார்ந்து, கூட்டத்தையே கமென்ட்ரி சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வரிசையில் மெதுவடையை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியைத் தானே வைத்துக்கொண்ட அண்ணனைச் சொன்னாள். உடைந்த நாற்காலி என்று தெரியாமல் உட்காரப் போகிறவரை, உட்காரும் வரைக்கும் விடாமல் சொன்னாள். "வடக்கு மூலையில எங்க கீதாக்கா! பக்கத்துல இருக்கறவரு பேரு, ஊரு, சம்பளம், மூணும் கேட்டாச்சு, இப்ப கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டுகினு கீறாங்க!" ஹால் என்னைத் திரும்பிப் பார்த்தது. உண்மையில் நான் இன்னும் சம்பளம் கேட்கவில்லை.

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். காலையிலிருந்து அவள் சொன்னதில் அதுதான் நன்றாக இருந்தது. களைப்பே தெரியவில்லை.

"வாசலப் பாருங்க, வாசலப் பாருங்க! நம்ம நெடுஞ்செழியன் சாரு. சிவகுமார் தம்பி தோள்ல கை போட்டாரு. இன்னா சொல்றாரு? வாய்ஸ் சூப்பரு!"

கை தட்டினார்கள். ஐம்பதடி தள்ளி, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்ற நெடுஞ்செழியனுக்கு அது எதற்கான கைதட்டல் என்று தெரியவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. நான் அவர் வாயைப் பார்த்தேன். அடுத்த வார்த்தை எனக்குத் தெரிந்துவிட்டது. கையை ஆட்டினேன், எழுந்தே நின்றேன். அவள் கண் வாசலில் இருந்தது.

"ஆனா, காது கேக்கலியாம்," என்று மைக் சொன்னது. "கூட வந்த அம்மாவே சொல்லிட்ச்சு. நாளைக்கு ஹெட்போன்ல நாம ஒண்ணு சொன்னா, அது ஒண்ணு சொல்லும். அடுத்த ஊருக்கு வேற ஆளப் பாரு. இதுக்கிட்ட இப்ப சொல்லாத, ஃபைனல் முடியட்டும்."

அதே உற்சாகக் குரல்தான். நடுவில் நிறுத்துவது அவளுக்கு முடியவில்லை. வாய் போகிற வேகத்தில் மனசு பின்னால் வந்துகொண்டிருந்தது. கடைசி வார்த்தைக்குப் பிறகுதான் அது வந்து சேர்ந்தது.

யாரும் கை தட்டவில்லை. தன்னுடைய வார்த்தையே ஒரு பெண் குரலில் நான்கு ஸ்பீக்கரிலிருந்தும் தன்மேல் வந்து விழுந்ததைக் கேட்டு நெடுஞ்செழியன் அப்போதுதான் திரும்பினார். கை இன்னும் சிவகுமார் தோளில் இருந்தது. ஷெட்டு ஆட்கள் நிறைந்த ஹாலில், வெளிச்சத்தில் நின்றுகொண்டு ரகசியம் பேசக்கூடாது என்று வேலூர்க்காரருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லியிருந்தேன். அந்தப் பாதியைத்தான் அவர் விட்டுவிட்டார்.

ஓடி வந்தார். "இல்லம்மா, நான் அப்டி சொல்ல வரல..."

ஸ்வர்ணலதா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு திரையைப் பார்த்தாள். வைஃபை வந்துவிட்டிருந்தது.

"ஃபைனல் ஸ்டார்ட் பண்ணலாம் சார்," என்றாள்.

சொன்னாள். முழுதாக, நாற்பது நிமிஷம் சொன்னாள். எட்டுப் பேரும் கர்ச்சீப் கட்டியிருந்தார்கள். நடந்ததை மட்டும் சொன்னாள், நடக்கப்போவதைச் சொல்லவில்லை. குரலை வேண்டுமென்றே கொஞ்சம் தணித்துக்கொண்டாள். பெரணமல்லூர் ஜெயித்தது. கோப்பையை வாங்கியபோது அந்தப் பையன்கள் இவளைத்தான் முதலில் மேடைக்குக் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். தென்னரசு வந்து கர்ச்சீப்பைக் கழற்றிவிட்டு, அவள் முகத்துக்கு நேராக நின்று, "சாரி மேடம்," என்றான், ஒவ்வொரு எழுத்தாக. அவள் சிரித்தாள்.

நெடுஞ்செழியன் ஒரு கவரைக் கொடுத்தார். "கொஞ்சம் யோசிச்சிட்டு போன் பண்றேம்மா."

"வாட்ஸ்அப்ல போடுங்க சார்," என்றாள். "போன்ல எனக்குக் கேக்காது."

வெளி ஆளிடம் இதை அவள் வாயால் அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். சத்தமாகவே சொன்னாள். பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த சிவகுமார் நிமிர்ந்து பார்த்தான்.

வெளியே வந்தபோது மணி ஐந்தரை, வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆட்டோவுக்கு நிற்காமல் நடக்க ஆரம்பித்தாள். வழக்கமாக என்னை வலது பக்கம் வைத்துக்கொள்வாள். அன்று நான் வலது பக்கம் வந்ததும் அவள் எனக்கு அந்தப் பக்கம் மாறிக்கொண்டாள். திரும்ப மாறினேன், திரும்ப மாறினாள். ஆக, பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் நான் அந்த இடது காதோடு பேசிக்கொண்டு வந்தேன். மோசடி என்று கத்தினார்களே, உன்னைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்றேன். அந்த ஆள் அப்படி எடுத்துக்கொள்வார் என்று கண்டேனா என்றேன். கனிமொழியிடம் சொன்னதையும் அந்த வேகத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு கடையில் நின்று ஏதோ வாங்கினாள், காட்டவில்லை.

தெருமுனைக் குழாயில் இரண்டு பெண்கள் குடத்தை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். வேல கெடைக்கலியாம், காது போயிட்ச்சாம், பாவம். இருவருமே பார்த்தோம்.

அவள் நின்று என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா?"

"நான் சொல்லலடி. சத்தியமா."

"நீ சொல்றதுக்கு இன்னா மிச்சம் கீது? ஊரே ஹால்லதான இருந்துச்சு." குரலில் கோபம் கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "நாளைக்கு ஆறு மணி ஷிஃப்ட்டுக்கா. நான் போய் படுக்குறேன்."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு நான் முறத்தோடு வாசலில் இருந்தேன். அந்த நேரத்தில் அரிசியில் கல் பொறுக்குவது என் வழக்கம் இல்லைதான். ஸ்வர்ணலதா டிபன் பையோடு வெளியே வந்தாள். வலது காதில் பஞ்சு, பெரிய உருண்டையாக, வெள்ளையாக, தெரு விளக்கில் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். கூந்தலை அந்தப் பக்கம் இழுத்து மறைக்கவில்லை. நேற்றுக் கடையில் வாங்கிய பஞ்சு ரோல் அதுதான் போலிருக்கிறது.

என் வீட்டைத் தாண்டும்போது நின்றாள். நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்: மன்னிச்சிடுடி.

பார்த்தாள். அவளும் சத்தமில்லாமல் அசைத்தாள்.

மொதல்ல மொறத்துல அரிசியப் போடுக்கா.

டிபன் பையின் பிடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுப் பக்கம் நடந்தாள். குனிந்து பார்த்தேன். காலி முறம்தான்.